விலையும் பெறுமதியும்

மாதத்தின் முதல் வாரத்தில், மாலை வேளையில், கல்முனைப் பட்டினத்தின் பிரதான வீதி வழியே நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். அரிசிக் கடையொன்றின் முன்னே குடும்பத் தலைவியொருவர் நிற்கிறார். வாய் திறந்து வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் மூடைகளுள் ஒன்றிலிருந்து ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து உள்ளங்கையிற் பரப்பிப் பார்க்கிறார், மெதுவாக ஊதுகிறார், இரண்டு மணிகளை வாயிலிட்டுக் கடிக்கிறார். பின்னர், "காக்கா, இது எந்தப் போகத்து அரிசி?" என்று கடைக்காரரைக் கேட்கிறார். "போன பெரும்போகத்து நெல்லு, ராத்தா. நம்பி எடுங்க" என்று மறுமொழி வருகிறது. அவர் உடனே வாங்கிவிடுவதில்லை. அடுத்த மூடையிலும் கை வைக்கிறார்.

அவசரக்காரருக்கு இது வீண் பொழுதுபோக்காகத் தோன்றலாம். உண்மையில், அந்தச் சில நிமிடங்களில் ஒரு குடும்பத்தின் மாத உணவு நிறுக்கப்படுகிறது. கையிலுள்ள பணம் அளவானது. உண்ணும் வாய்கள் குறைவதில்லை. ஆகவே, மலிவாக வாங்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோரிடத்தும் உண்டு. ஆனால் மலிவு எது என்பதை அறிவதில்தான் பலரும் தவறுகின்றனர். விலை என்பது கடைக்காரர் சொல்லுவது. பெறுமதி என்பது அடுப்படியில் தெரிய வருவது. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அறிந்து வாங்குவதே சிக்கனத்தின் முதற் பாடமாகும்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே வயல். சம்மாந்துறைப் பக்கமாகத் திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல் நிலமே காணப்படும். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கிய கல்லோயாத் திட்டம் 1949 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் பின்னர் இப்பகுதியின் நீர்ப்பாசனம் பெரிதும் விரிந்தது. 1961 ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டம், இன்று இலங்கையின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

வயலும் கடலும் இவ்வாறு அருகருகே இருப்பதனால், இவ்வூர்களின் கடைத்தெருக்களிலே தனித்தனிப் பொருளுக்கெனத் தனித்தனிக் கடைகள் நிலைபெற்றுள்ளன. அரிசிக்கென்று ஒரு கடை; கருவாட்டுக்கென்று ஒரு கடை; கறுவா, ஏலம், மிளகு முதலிய சரக்குகளுக்கென்று ஒரு கடை; எருமைத் தயிருக்கென்று ஒரு கடை. எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் விற்கும் பலசரக்குக் கடையினின்றும் இவை வேறுபட்டவை. ஒரே பொருளின் பல தரங்களை இங்கே பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிடலாம். வேண்டிய அளவு மட்டும் நிறுத்து வாங்கலாம். பொருள் விரைந்து விற்றுத் தீர்வதால் பெரும்பாலும் புதியதாயிருக்கும். விற்பவரும் அப்பொருளை நன்கறிந்தவராயிருப்பார். இவை நன்மைகள். ஓர் இடரும் உண்டு: விற்பவர் நன்கறிந்திருக்க, வாங்குபவர் அறியாதிருந்தால், நட்டம் எப்பக்கம் சேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இது சில்லறைச் சங்கதி அன்று. இலங்கையில் அரிசி விலை ஆட்சியையே அசைத்ததுண்டு. 1953 ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகத்து மாதம் 12 ஆந் தேதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அண்மைக் காலத்திலும் அத்தகைய சோதனை ஒன்று வந்தது. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டதால் நெல் விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிய போதிலும் பயிருக்கு நேர்ந்த சேதம் நீங்கவில்லை. 2022 ஏப்ரலில், நோன்பு மாதத்தின் நடுவே, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அஃதாவது, முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு 195 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் ஏற்றத்தின் வேகம் தணிந்ததே தவிர, விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. நெல் விளையும் ஊரிலேயே அரிசி வாங்கத் தயங்கிய குடும்பங்கள் இருந்தன. அத்தகைய காலத்தில், அறிந்து வாங்கும் திறமை கஞ்சத்தனமன்று; குழந்தையின் கோப்பையில் ஒரு கரண்டி சோறு கூடுவதற்கான வழியாகும்.

முதலில் அரிசியை எடுத்துக்கொள்வோம். ஒரு கடையில் கிலோ 230 ரூபா. பக்கத்துக் கடையில் 240 ரூபா. பத்து ரூபா மலிவென்று முதற் கடையில் வாங்குவது இயல்பு. ஆனால் அந்த அரிசியில் கல்லும் உமியும் கறுத்த மணியுமாகக் கிலோவுக்கு 50 கிராம் கழிவு போகிறதென்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 950 கிராம். அப்போது உண்ணத்தக்க அரிசியின் விலை கிலோவுக்கு 242 ரூபாவாகி விடுகிறது. 240 ரூபாவுக்குச் சுத்தமான அரிசி விற்றவரே மலிவாக விற்றவர். கல் பொறுக்கும் நேரமும், தப்பிய கல்லிற் பல் படும் துன்பமும் இந்தக் கணக்கிற் சேர்க்கப்படவில்லை. பானைக்குட் செல்லும் பொருளுக்கு என்ன விலை என்று கணிப்பதே சரியான கணக்கு. இந்த ஒரு விதி எல்லாக் கடைக்கும் பொருந்தும்.

அரிசியிற் கவனிக்க வேண்டியவை வேறும் உள. முதலாவது ஈரம். நன்கு காய்ந்த அரிசியைக் கடித்தால் 'டக்'கென்று உடையும். ஈரமுள்ளது பல்லில் நசியும். ஈரமான அரிசியில் தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்கப்படுகிறது. அத்துடன் அது விரைவிற் பூஞ்சணம் பிடிக்கும். தானியத்தைச் சேமித்து வைப்பதற்கு ஈரம் நூற்றுக்குப் பதினான்கு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவான விதி. இரண்டாவது வயது. பழைய அரிசி அதிக நீரை உண்டு, பருத்து, உதிரியாக வேகும். புதிய அரிசி குழையும். பழைய அரிசி சட்டி நிறையச் சோறு தருவதால் அதற்கு மதிப்பு அதிகம். எனினும் கூடியது பெரும்பாலும் நீரே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். கஞ்சிக்கும் பாற்சோற்றுக்கும் குழைகின்ற புதிய அரிசியே ஏற்றது. அதற்குப் பழைய அரிசியின் கூடிய விலையைக் கொடுப்பது வீண்.

மூன்றாவது தரம். 2024 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்த உச்சச் சில்லறை விலைகளில் நாட்டரிசி கிலோ 230 ரூபாவாகவும், சம்பா 240 ரூபாவாகவும், கீரிச் சம்பா 260 ரூபாவாகவும் இருந்தன. இந்த வேறுபாடு மணியின் உருவத்துக்கும் வாசனைக்கும் உரியதேயன்றிச் சத்துக்கு உரியதன்று. விருந்துக்குக் கீரிச் சம்பா சிறப்புடையது. நாள்தோறும் உண்ணும் சோற்றுக்கு நாட்டரிசி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. உண்மையில், புழுக்கிய நெல்லிற் பெற்ற அரிசியிலும், தவிடு முழுதும் நீக்கப்படாத சிவப்பு அரிசியிலும் உயிர்ச்சத்து பி1 கூடுதலாக நிற்கின்றது. கண்ணாடிபோல் வெளுக்கத் தீட்டிய அரிசியில் அச்சத்து தவிட்டுடன் போய்விடுகிறது. வெண்மைக்கு மேலதிக விலை கொடுத்துச் சத்தை இழப்பது நட்டத்தின்மேல் நட்டம்.

அரிசிக் கடையில் பலரும் கவனியாது கடந்து செல்லும் மூடையொன்றுண்டு. அது குறுநல். ஆலையில் உடைந்த மணிகளே அவை. முழு அரிசிக்கும் குறுநலுக்கும் சத்தில் வேறுபாடில்லை. விலையில் வேறுபாடு உண்டு. நோன்புக் கஞ்சிக்கு எப்படியும் அரிசி கரைய வேண்டும். முழு அரிசியை வாங்கிக் கரைய வைப்பதினும் குறுநலை வாங்குவதே அறிவுடைமை. கல்லும் தூசும் இல்லாத குறுநலாகப் பார்த்து வாங்குதல் மட்டும் அவசியம்.

காலமறிந்து வாங்குவதும் சிக்கனமே. கார்த்திகை மழையை நம்பி விதைக்கப்படும் பெரும்போகத்து நெல் மாசி, பங்குனியில் அறுவடையாகும். சிறுபோகம் ஆவணியை ஒட்டி முடியும். களத்தில் நெல் குவிந்திருக்கும் வாரங்களில் அரிசி விலை இறங்குவதும், அடுத்த அறுவடைக்கு முந்திய மாதங்களில் ஏறுவதும் பெரும்பாலும் வழக்கம். இயன்றவர் அறுவடைக் காலத்தில் இரண்டு மாதத்துக்கு வேண்டியதை வாங்கி, நன்கு காயவைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் வைக்கலாம். இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கிக் குவித்தால், விலையில் மிஞ்சியதை வண்டும் அந்தும் தின்றுவிடும்.

அடுத்தது கருவாட்டுக் கடை. கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும்; படகுகள் கரையேறிக் கிடக்கும்; பச்சை மீன் அரிதாகும். பங்குனிக்குப் பின்னர் கடல் அமைதியடையும். அப்போது மீனும் மிகுதி, வெயிலும் மிகுதி. ஆகையால் நல்ல கருவாடு அமைதியான மாதங்களில் உருவாகிறது; அதற்குத் தேவையோ மாரியில் எழுகின்றது. மாரி பிறப்பதற்கு முன்னரே வாங்கி வைத்த குடும்பம் இரண்டு வழியிற் பயனடைகின்றது: விலையும் குறைவு, பொருளும் வெயிலில் உலர்ந்தது.

கருவாட்டில் ஏமாற்றமெல்லாம் நீரிலும் உப்பிலும் உள்ளன. உதாரணமாக, ஒரு கடையில் கட்டாக் கருவாடு கிலோ 1,600 ரூபா என்றும் மற்றொரு கடையில் 2,000 ரூபா என்றும் கொள்வோம். முதற் கருவாடு அரைகுறையாக உலர்ந்தது; அதில் நூற்றுக்கு 45 பங்கு நீர். இரண்டாவது நன்குலர்ந்தது, அதில் 30 பங்கு நீர். நீரைக் கழித்துப் பார்த்தால், முதற் கருவாட்டின் காய்ந்த பொருள் கிலோ 2,909 ரூபா; இரண்டாவதன் விலை 2,857 ரூபா. நானூறு ரூபா மலிவென்று தோன்றியதே உண்மையில் விலை கூடியது. அத்துடன் ஈரக் கருவாடு பத்து நாளிற் கெட்டும் போகும்.

இதை அறியத் தராசு வேண்டியதில்லை; விரல் போதும். கருவாட்டை அழுத்தினால் விரற்குழி நிற்கலாகாது. வளைத்தால் துணிபோல் மடங்கலாகாது. மேலே உப்புப் படை தடித்திருந்தால், மீன் விலையில் உப்பும் நிறுக்கப்படுகிறதென்று கொள்ளலாம். இளஞ்சிவப்பு நிறம் படர்ந்திருந்தால் உப்பிலும் வாழும் நுண்ணுயிர்கள் பற்றிவிட்டன என்பது பொருள். அதனைத் தொடாதிருப்பதே நன்று. செதிளின் அடியிலும் வயிற்றுப் பக்கத்திலும் புழு, வண்டு உளவோவெனப் பார்க்க வேண்டும். நெத்தலி வாங்குவோர் மூடையின் மேற்பகுதியை மட்டும் பாராது, நடுவிற் கைவிட்டு எடுத்துப் பார்த்தல் நலம். மேலே முழு மீனும் அடியிலே தூளும் மணலும் இருப்பதுண்டு. சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாட்டை எடுத்துக்கொண்டால், இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டைபோல் ஒலிக்க வேண்டும். உடைத்த முகம் செம்மண் நிறமாயிருக்க வேண்டும். பொதி செய்யப்பட்ட மாசித் தூளில் எத்தனை பங்கு மாசி, எத்தனை பங்கு வேறு என்பதைக் கண்ணாற் சொல்ல இயலாது. முழுத் துண்டாக வாங்கி வீட்டில் இடிப்பதே பாதுகாப்பு.

இந்தக் கடைசி வார்த்தை சரக்குக் கடைக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். முழுப் பொருளிற் கலப்படம் செய்வது கடினம். தூளிற் செய்வது எளிது. 2020 ஆம் ஆண்டில், மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோது, இலங்கையில் அதன் விலை பன்மடங்காக உயர்ந்தது. மா கலந்த மஞ்சள் தூள் பல இடங்களிலும் விற்பனைக்கு வந்தது. அக்காலத்திலும் மஞ்சட் கிழங்காக வாங்கி இடித்தவர்கள் மா உண்ணாமல் மஞ்சளே உண்டனர். மிளகாய், மல்லி, சீரகம் ஆகியனவும் அவ்வாறே. முழுதாக வாங்கி, வெயிலிற் காயவைத்து, ஊர் ஆலையில் அரைப்பிப்பதற்குக் கூலி உண்டு. அந்தக் கூலியைச் சேர்த்தே பொதித் தூளின் விலையோடு ஒப்பிட வேண்டும். கூலி சேர்ந்து விலை சற்றுக் கூடினாலும், வாங்கியது இன்னதென்ற உறுதி கிடைக்கின்றது. மிளகாயில் மாத்திரம் ஓர் எச்சரிக்கை: ஈரம் பட்டுக் கறுத்த மிளகாயில் அஃபிளாடொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு உண்டாகலாம். காம்பருகே கறுத்திருக்கும் மிளகாயை மலிவென்று வாங்குவது நோயை வாங்குவதாகும்.

மிளகு வாங்கும்போது சிலவற்றை ஒரு கோப்பைத் தண்ணீரிலிட்டுப் பார்க்கலாம். முற்றிய மிளகு அமிழும். சாவி மிளகும் உலர்ந்த பப்பாசி விதையும் மிதக்கும். கறுவாவில் வேறொரு நுட்பம் உண்டு. இலங்கைக் கறுவா காகிதம்போன்ற மெல்லிய பட்டைகள் பல ஒன்றனுள் ஒன்றாகச் சுருண்டது, எளிதில் நொறுங்கும். பிறநாட்டுப் பட்டையோ தடித்த ஒற்றைச் சுருள். 2022 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கி அதன் தனித்தன்மையை ஏற்றுக்கொண்டது. அக்கறுவாவிலும் பல தரங்கள் உள. ஆறு மில்லிமீற்றருக்கு மேற்படாத விட்டமுடைய மெல்லிய 'அல்பா' மிக உயர்ந்த விலை பெறும். தடித்த குழல்களும் உடைந்த துண்டுகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஏற்றுமதி வணிகனுக்குக் குழலின் அழகு முக்கியம். இறைச்சிக் கறியில் வெந்து, ஈற்றில் ஒதுக்கி வைக்கப்படும் துண்டுக்கு அழகு எதற்கு? நல்ல கறுவாவின் உடைந்த துண்டுகளைக் கேட்டு வாங்குபவரே சரக்குக் கடையிற் பெறுமதி அறிந்தவர்.

நோன்பு மாதம் பிறை பார்த்துத் தொடங்குவது. ஒவ்வோராண்டும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வருவது. அது வரும் நாள் முன்னரே தெரிந்திருந்தும், பேரீச்சம்பழம் வாங்குவோர் பெரும்பாலும் கடைசி நாளிலேயே கூடுகின்றனர். கூட்டத்தில் பழத்தைப் பிளந்து பார்க்க நேரமிராது. பேரீச்சம்பழத்தின் மேல் வெண்மையாகச் சீனிப் படிகம் தோன்றுவது கேடன்று. புளித்த வாசனை வீசுவதே கேடு. ஒன்றிரண்டைப் பிளந்து உள்ளே பூச்சி இல்லையென்று கண்டபின் வாங்க வேண்டும். பழத்தின் நிறையில் விதை பத்தில் ஒரு பங்களவு இருக்கலாம். ஆகையால் விதை நீக்கிய பழம் ஒன்பதிலொரு பங்கு விலை கூடியிருந்தால் இரண்டும் ஒரே விலையே. அதற்கு மேற்பட்டால் விதையுடன் வாங்குவதே இலாபம்.

பெருநாளுக்கு வட்டிலப்பம் செய்வோர் கித்துள் கருப்பட்டியைத் தேடுவர். கித்துள் மரம் மலைநாட்டுப் பக்கத்தது. பதநீர் இறக்கிக் காய்ச்சும் உழைப்பு மிகுதி. ஆதலால் உண்மையான கித்துள் கருப்பட்டி ஒருபோதும் சீனி விலைக்குக் கிடையாது. சீனி விலையை ஒட்டி ஒன்று விற்கப்படுமாயின், அந்த விலையே அதற்கு எதிரான சாட்சி. கையிற் பணம் குறைவாயின், கலப்படக் கருப்பட்டியை அரைக் கிலோ வாங்குவதினும் நல்லதைக் கால் கிலோ வாங்கி, மீதிக்குச் சீனியைச் சீனி விலையிலேயே சேர்ப்பது மேல்.

தயிர்க் கடையிற் சட்டியையும் பார்க்க வேண்டும். மண்சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சுவதனாலேயே எருமைத் தயிர் இறுகுகின்றது. அது சட்டியின் சிறப்பு. ஆனால் அடியும் விளிம்பும் மிகத் தடித்த சட்டி, வெளியே பெரிதாகவும் உள்ளே சிறிதாகவும் இருக்கும். ஒரே உயரமுள்ள இரண்டு சட்டிகளில் ஒரே அளவு தயிர் இருக்குமென்று எண்ணுவது தவறு. சற்றே சரித்தால் தயிர் அசையாது நிற்க வேண்டும். மேலே நீர் தேங்கியிருந்தால் அந்த நீருக்கும் விலை கொடுக்கப்படுகிறது.

இவ்வளவும் சொன்னபின், தனிப்பொருட் கடையில் வாங்கலாகாதவற்றையும் சொல்லுதல் முறை. சீனி, கோதுமை மா, பருப்பு, பொதி செய்த பால்மா முதலியவை எங்கு வாங்கினும் ஏறக்குறைய ஒன்றே. அவற்றிற் கடைக்காரரின் தேர்ச்சிக்கு இடமில்லை. அரிசி வாங்க வந்த இடத்திலேயே அவற்றையும் வாங்கிவிடுவது வசதிதான். ஆனால் அந்த வசதிக்கு விலை உண்டு. 1949 ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்த கூட்டுறவு மொத்த விற்பனை நிலையமும், 1957 ஆம் ஆண்டிலிருந்து ஊர்தோறும் எழுந்த பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும், எங்கும் ஒரே தன்மையுடைய இத்தகைய பொருள்களை நியாய விலைக்குக் கொடுப்பதற்கே தோன்றியவை. இன்றைய சதொச கிளைகளும் அவ்வழி வந்தவையே. தெரிந்தெடுக்க வேண்டிய பொருளைத் தேர்ந்தவரிடமும், தெரிந்தெடுக்க வேண்டாத பொருளை விலை குறைந்த இடத்திலும் வாங்குவதே இரு வகைக் கடைகளையும் பயன்படுத்தும் முறை. பொதிகளை ஒப்பிடும்போது பொதியின் விலையைப் பாராது, 100 கிராமுக்கு என்ன விலை விழுகிறதென்று வகுத்துப் பார்க்க வேண்டும். 400 கிராம் பொதியையும் 450 கிராம் பொதியையும் கண் ஒன்றாகவே காணும்.

நிறுவை பற்றிய உரிமைகளும் அறியத்தக்கவை. வணிகத் தராசுகள் ஆண்டுதோறும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் பரிசோதனைக்குட்பட்டு முத்திரை பெற வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வணிகர் விலைப்பட்டியலைப் பார்வையில் வைக்க வேண்டும். கேட்போருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். முறையிட விரும்புவோர் 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அவ்வதிகாரசபையை அழைக்கலாம். உணவின் தூய்மை பற்றி ஐயமுண்டாயின், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உண்டு. சட்டம் பின்னர் வந்தது; ஒழுக்கம் முன்னரே இருந்தது. திருக்குர்ஆனின் 83 ஆவது அத்தியாயம் அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டித்தே தொடங்குகிறது என்பதை இவ்வூர்களின் வணிகர்கள் நன்கறிவர். ஆகவே தராசின் முள்ளைப் பார்க்க வேண்டுமென்று கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வறியவரைத் தாக்கும் ஒரு செலவு உண்டு. அது கடன் கொப்பி. கையிற் காசில்லாத நாளில் கொப்பியில் எழுதி வாங்குவது பல குடும்பங்களுக்குத் தவிர்க்கவொண்ணாதது. நெருக்கடிக் காலத்தில் அந்தக் கொப்பியாலேயே பல அடுப்புகள் எரிந்தன என்பதும் உண்மை. எனினும் கொப்பியில் வாங்குபவர் விலை பேச இயலாது. மூடையை மாற்றிக் கேட்க இயலாது. வேறு கடைக்குச் செல்லவும் இயலாது. பெறுமதி அறிந்திருந்தும் அதனைப் பயன்படுத்த முடியாதவராகி விடுகிறார். நாளுக்கு அரைக் கிலோவாக வாங்குபவர், மூடையாக வாங்குபவரினும் கூடிய விலை கொடுப்பதும் வழக்கம். இவ்வாறு பணம் குறைந்தவரே அதிக விலை கொடுக்கும் விந்தை நிகழ்கின்றது.

இதற்கொரு மருந்து அயலவர் ஒற்றுமை. ஒரே ஒழுங்கையில் வாழும் நான்கு குடும்பங்கள் அறுவடைக் காலத்தில் பணத்தைச் சேர்த்து, 50 கிலோ மூடையொன்றை மொத்த விலைக்கு வாங்கி, வீட்டிலேயே நிறுத்துப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பன்னிரண்டரைக் கிலோ வரும். தனியொரு குடும்பத்தால் மூடை வாங்க இயலாது. நான்கு குடும்பங்களால் இயலும். மாரிக்கு முன் கருவாட்டையும், நோன்புக்கு முன் பேரீச்சம்பழத்தையும் இவ்வாறே வாங்கலாம். பெயர்ப்பலகையும் பதிவும் இல்லாத இந்தச் சிறு ஏற்பாடுதான் கூட்டுறவின் மூல வடிவம்.

நல்ல கடைக்காரர் இவற்றையெல்லாம் வெறுப்பதில்லை. பொருளை அறிந்து கேட்கும் வாடிக்கையாளர் இருக்கும் கடையில், நல்ல பொருளே மூடையில் நிற்கும். அறியாதவர் நிறைந்த கடையிலே எது வேண்டுமானாலும் விற்கும். எனவே கைப்பிடி அரிசியை உள்ளங்கையிற் பரப்பிப் பார்க்கும் அந்தக் குடும்பத் தலைவி தமக்காக மட்டும் நிற்கவில்லை. தமக்குப் பின்னால் வரிசையில் நிற்போருக்காகவும் நிற்கிறார். தாயின் பக்கத்தில் நின்று அதனைப் பார்க்கும் சிறுமியும் சிறுவனும் எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்காத ஒரு கணக்கைக் கற்றுக்கொள்கின்றனர். இரண்டாவது மூடையில் அரிசியைக் கடித்துப் பார்த்தபின், "இதில ஆறு கிலோ போடுங்க, காக்கா" என்று அவர் சொல்லும்போது, விலை முடிந்துவிட்டது. பெறுமதி வீட்டுக்குச் செல்கின்றது.